சைக்கிளுக்குப் பாதுகாப்பான தெரு எப்படி இருக்கும்?

சைக்கிளில் போனவர் லாரி மோதி இறந்தார் என்று செய்தி வந்தால் நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். டிரைவர் குடித்திருந்தாரா? சைக்கிளில் போனவர் ஓரமாகப் போகவில்லையா? அந்தச் சந்திப்பின் முனை எப்படி வளைத்துக் கட்டப்பட்டிருந்தது, லாரி எந்த வேகத்தில் திரும்ப முடிந்தது, சைக்கிள்காரர் காத்து நிற்க அங்கே இடம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் சுமார் 4,800 பேர் சைக்கிளில் போனவர்கள். பால், பேப்பர் போடுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று நம் ஊர்களில் சைக்கிளை நம்பியிருப்பவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். இந்தச் சாவுகளில் பெரும் பகுதியைத் தெருவைக் கட்டும் விதத்தாலேயே தடுக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2019ஆம் ஆண்டு முழுவதும் அந்த நகரத்துச் சாலைகளில் நடந்து போனவர், சைக்கிளில் போனவர் ஒருவர்கூட இறக்கவில்லை. அந்த ஊர் மக்கள் நம்மைவிடப் பொறுமைசாலிகள் என்பது அதற்குக் காரணம் இல்லை. தெருக்களை மாற்றினார்கள், வேகத்தைக் குறைத்தார்கள், கார் நிறுத்தும் இடங்களை எடுத்தார்கள்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். யாரை மனதில் வைத்துத் தெருவை வரைகிறோம்? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறார்கள். அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கேரியரில் தம்பி உட்கார்ந்திருக்கலாம். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கும். மணிக்கு 12, 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவாள். மேடு வந்தால் கொஞ்சம் தள்ளாடுவாள், தோழி கூட வந்தால் பேசிக்கொண்டே போவாள். அவளுக்குச் சரியாக இருக்கும் தெரு எல்லோருக்கும் சரியாக இருக்கும். விடியற்காலையில் ஈ.சி.ஆரில் கியர் சைக்கிளில் பறக்கும் இளைஞரை மனதில் வைத்து வரைந்தால் அந்த இளைஞர் மட்டும்தான் ஓட்டுவார். அரசு கையில் சைக்கிளைக் கொடுத்த பிறகும் பெற்றோர் அனுப்பத் தயங்குகிறார்கள் என்றால், அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

வேகம்

உயிர் பிழைப்பாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மோதுகிற வண்டியின் வேகம். சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது பிடிபடும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். முன்னால் சைக்கிள் குறுக்கிட்டதை டிரைவர் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக எப்படியும் ஒரு வினாடி ஆகிவிடும். அப்புறம், தார் காய்ந்திருந்து பிரேக்கும் நன்றாக இருந்தால், இன்னொரு 5 மீட்டரில் கார் நின்றுவிடும். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். இப்போது அதே இடத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது. அந்த முதல் ஒரு வினாடியிலேயே அது 14 மீட்டர் ஓடிவிடும். மெதுவாக வந்த கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்த காரின் டிரைவர் இன்னும் பிரேக்கையே மிதித்திருக்க மாட்டார். 50 கிலோமீட்டர் வேகம் குறையாமல் வந்து மோதுவார். அந்த வேகத்தில் காரில் இருக்கும் இயக்க ஆற்றல் 30இல் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவ்வளவையும் தாங்க வேண்டியது ஒரு மனித உடம்பு.

இரண்டு வேகங்களுக்கும் வித்தியாசம் வெறும் 20 கிலோமீட்டர். ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு அதனால் மிச்சமாவது, சிக்னலே இல்லாவிட்டாலும்கூட, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதனால்தான் பல நாடுகள் நகரத்துக்குள் 30ஐ வழக்கமான வேகமாக மாற்றிக்கொண்டு வருகின்றன. ஸ்பெயின் 2021 மே மாதம், போகவும் வரவும் ஒவ்வொரு தடம் மட்டுமே உள்ள நகரத் தெருக்கள் எல்லாவற்றிலும் 30 என்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. ஆம்ஸ்டர்டாம் 2023 டிசம்பரில் தன் பெரும்பாலான தெருக்களை 30க்கு இறக்கியது.

போர்டு வைத்தால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. அகலமாக, நேராக, தடையே இல்லாமல் இருக்கும் சாலையில் '30' என்று எழுதி வைத்தாலும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். சாலையின் தோற்றமே வேகத்தைச் சொல்கிறது. தடத்தின் அகலத்தை மூன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டராகக் குறைப்பது, நேர்க்கோட்டை அங்கங்கே லேசாக ஒடிப்பது, குறுக்குத்தெரு வாயிலில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது போன்றவைதான் வேலை செய்யும். நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குட்டையாக, செங்குத்தாக, இரவில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும் அவை சைக்கிளையும் ஸ்கூட்டரையும்தான் முதலில் கவிழ்க்கின்றன. நீளமாகச் சரிந்து ஏறி, மேலே சமதளமாக இருந்து, மறுபடி சரிந்து இறங்கும் மேடைதான் சைக்கிளுக்கு ஏற்றது. பள்ளி வாசலில் அதையே ஜீப்ரா கிராஸிங்காகவும் பயன்படுத்தலாம்.

கலப்பதா, பிரிப்பதா?

நெதர்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு கொள்கையை வகுத்தார்கள். அதில் சைக்கிளுக்கு முக்கியமானது இது: எடையிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் உள்ளவை ஒரே இடத்தில் கலக்கக் கூடாது. கலந்துதான் ஆக வேண்டும் என்றால், எல்லோருக்கும் வேகம் குறைந்தாக வேண்டும். இதிலிருந்து தெரு வரைகிறவருக்கு இரண்டே வழிகள் கிடைக்கின்றன. வீடுகள் நிறைந்த சின்னத் தெருவா? வேகத்தை 30க்குள் இறக்கு, வண்டிகளின் எண்ணிக்கையையும் குறை, சைக்கிள் நடுத்தெருவிலேயே போகட்டும். பஸ், லாரி ஓடும் பெரிய சாலையா? சைக்கிளுக்குத் தனிப் பாதை கட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில், 50இல் ஓடும் வண்டிகளோடு சைக்கிளை ஓரமாகப் போகச் சொல்லும் ஏற்பாடுதான் ஆட்களைக் கொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலான சாலைகள் அந்த நடுவில்தான் இருக்கின்றன.

நெதர்லாந்து ஆதிகாலம் தொட்டே சைக்கிள் சொர்க்கமாக இருந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார்கள் பெருகின, சைக்கிள்காரர்கள் ஓரம் கட்டப்பட்டார்கள். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹாஃப் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'குழந்தைக் கொலையை நிறுத்து'. அதே பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. பெற்றோர் பிள்ளைகளோடு தெருவில் இறங்கினார்கள், சாலைகளை மறித்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே அரசு தடை போட்டபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று ஊரே பார்த்தது. அப்புறம் படிப்படியாகத் தெருக்கள் மாறின. சமீப ஆண்டுகளில் அங்கே சாலையில் இறப்பவர்கள் வருடத்துக்குச் சுமார் அறுநூறிலிருந்து எழுநூற்றைம்பது வரை. அங்கேயும் வேலை முடிந்துவிடவில்லை. இன்று சைக்கிளில் இறப்பவர்களில் பெரும் பகுதி முதியவர்கள். வேகமான மின்சார சைக்கிள்கள் புதுக் கவலையைக் கொண்டுவந்திருக்கின்றன. ஆனாலும் 1971இல் இருந்ததைவிடச் சாலையில் வண்டிகள் எத்தனையோ மடங்கு அதிகம் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த இறக்கம் சாதாரணமானது இல்லை.

'வண்டிகளின் எண்ணிக்கையைக் குறை' என்பதற்கு நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரம் 1977இல் செய்தது நல்ல உதாரணம். நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே சுற்றுச்சாலைக்குப் போய், சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சைக்கிளும் நடந்து போகிறவரும் நேராகவே போகலாம். எந்த வீட்டுக்கும் காரில் போக முடியும். நடுவில் குறுக்கே பாய்ந்து போவது மட்டும் முடியாது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஏற்பாடு நிலைத்தது. இதற்குப் பாலம் வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம். சில தெருக்களின் முனையில் சைக்கிள் மட்டும் நுழையும்படி தூண்களோ பூந்தொட்டிகளோ வைத்தால் போதும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் மெயின் ரோடு நெரிசலைத் தவிர்க்கக் குடியிருப்புத் தெருவுக்குள் கார்கள் புகுந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பெயின்ட் மட்டும் போதாது

பெரிய சாலையில் தனிப் பாதை என்றதும் அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது பெயின்ட். ஒரு கோடு, சைக்கிள் படம், வேண்டுமானால் பச்சை நிறம். செலவு குறைவு, திறப்பு விழாவுக்கும் அழகாக இருக்கும். மறுநாள் காலையில் அதன்மேல் ஒரு கார் நிற்கும். அதைச் சுற்றிப் போக சைக்கிள்காரர் ஓடும் வண்டிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். கோடு இல்லாத சாலையைவிட அது மோசம், ஏனென்றால் பின்னால் வரும் டிரைவர் சைக்கிளை அங்கே எதிர்பார்க்கவில்லை.

லண்டன் இதை உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2010 முதல் அங்கே 'சைக்கிள் சூப்பர்ஹைவே' என்ற பெயரில் நீலப் பட்டைகள் தீட்டப்பட்டன. அவற்றில் இரண்டாம் எண் தடம் நகரத்தின் கிழக்குப் பகுதியில் 'போ' (Bow) என்ற ரவுண்டானா வழியாகப் போனது. அந்தத் தடத்தில் 2011லும் 2013லும் சைக்கிளில் போனவர்கள் லாரி மோதி இறந்தார்கள். மரணத்தை விசாரித்த அதிகாரி, நீலப் பட்டை சைக்கிள்காரர்களுக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது என்று கண்டித்தார். பிறகு அந்தத் தடத்தைத் தடுப்புக்கல் வைத்துப் பிரித்துக் கட்டினார்கள். 2016இல் திறந்த தேம்ஸ் நதிக்கரைப் பாதை முதலிலிருந்தே சாலையிலிருந்து பிரிக்கப்பட்டது. லண்டனில் நம்மைப் போலவே இடதுபுறம் ஓட்டுகிறார்கள் என்பதால் அவர்களுடைய வரைபடங்களை நாம் அப்படியே எடுத்துப் பார்க்கலாம். நெதர்லாந்தில் வலதுபுறம் ஓட்டுவதால் அவர்கள் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்க்க வேண்டும்.

சரி, நல்ல தனிப் பாதை எப்படி இருக்கும்? ஒரு திசைக்கு குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும். ஒருவர் இன்னொருவரைத் தாண்டிப் போகவும், அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டவும், தண்ணீர்க் கேன் கட்டிய மூன்று சக்கர வண்டி நுழையவும் அது தேவை. சாலைக்கும் பாதைக்கும் நடுவே தடுப்புக்கல்லோ செடி வைத்த திட்டோ இருக்க வேண்டும். சாலையைவிடச் சற்று உயரமாகவும் நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாகவும் இருந்தால், நடப்பவர் பாதைக்குள் இறங்குவதும் குறையும், வண்டி ஏறுவதும் குறையும்.

இடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி உடனே வரும். தெருவோரத்தில் நிறுத்திய ஒரு கார் இரண்டு முதல் இரண்டரை மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. ஒரு சைக்கிள் பாதைக்கு வேண்டிய அகலமும் அதுதான். நான்குவழிச் சாலையில் தடங்களை மூன்றரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறைத்தால் இன்னொரு 2 மீட்டர் கிடைக்கும். எத்தனையோ சாலைகளில் இடம் இருக்கிறது. அது இன்று யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

கார் நிறுத்தம் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அதன் இடத்தை மாற்றலாம். நடைபாதையை ஒட்டி சைக்கிள், அதற்கு வெளியே நிறுத்திய கார், அதற்கும் வெளியே ஓடும் வண்டிகள். நின்ற கார்களே சைக்கிளுக்கு மதிலாகிவிடும். கோபன்ஹேகனில் இது பழைய பழக்கம். நியூயார்க் 2007இல் தன் ஒன்பதாவது அவென்யூவில் இப்படிச் செய்தது. ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. கார்க் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். அதில் முட்டி விழுவது சைக்கிள்காரர்களுக்குப் பழக்கமான விபத்து. ஆகவே காருக்கும் பாதைக்கும் நடுவே கதவு திறக்குமளவு இடைவெளி விட வேண்டும்.

பஸ் ஸ்டாப்பில் இன்னொரு சிக்கல். பஸ் இடதுபுறம் ஒதுங்கி வரும்போது அங்கே போய்க்கொண்டிருக்கும் சைக்கிள் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. வலதுபுறம் விலகினால் பின்னால் வரும் வண்டி. இதற்குத் தீர்வு, சைக்கிள் பாதையை நிழற்குடையின் பின்புறமாகத் திருப்பி விடுவது. பயணிகள் நிற்கும் இடம் சாலைக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு தீவாகிவிடும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் தீவில் இறங்கி, மேடான கிராஸிங்கில் பாதையைக் கடந்து நடைபாதைக்கு வருவார். பார்வையற்றவர்களுக்குத் தடம் காட்டும் ஓடுகளும் அங்கே வேண்டும்.

சந்திப்பு

இவ்வளவும் செய்துவிட்டு, சிக்னலுக்கு இருபது மீட்டர் முன்னால் பாதையை நிறுத்திவிட்டால் எல்லாம் வீண். நகரத்தில் மோசமான மோதல்கள் பெரும்பாலும் நடப்பது வண்டிகள் குறுக்கிடும் இடத்தில்தான். பல ஊர்களில் சைக்கிள் பாதை சரியாக அங்கேதான் மறைகிறது. ஒரு நகரம் சைக்கிளை மதிக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் நான் அதன் சந்திப்புகளைத்தான் பார்ப்பேன்.

அங்கே நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். சிவப்பு விளக்கில் ஒரு லாரி நிற்கிறது. அதன் இடப்பக்கம், ஓரத்தில், ஒரு சைக்கிள். லாரி டிரைவர் உட்கார்ந்திருப்பது உயரத்தில், வலப்பக்கம். லாரியின் இடது முன்மூலையை ஒட்டி நிற்கும் ஆள் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பச்சை விழுகிறது. சைக்கிள் நேராகப் போக மிதிக்கிறது. லாரி இடதுபுறம் திரும்புகிறது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, மூலையை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி தாண்டிப் போய்விட்டது, தப்பித்தோம் என்று நினைக்கும் நேரத்தில் பின்சக்கரம் வந்து அடிக்கிறது. இதில் யாரும் விதியை மீறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருவருக்கும் பச்சைதான்.

நெதர்லாந்து சந்திப்புகளில் இதற்குச் செய்திருப்பவை பார்க்க எளியவை. நம் ஊர்த் திசைக்கு மாற்றிச் சொல்கிறேன்.

மூலையில், திரும்பும் வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே, நாவற்பழ வடிவில் ஒரு சின்னக் கல்திட்டு கட்டுகிறார்கள். இந்தத் திட்டைச் சுற்றித்தான் கார் திரும்ப முடியும் என்பதால் மூலை கூர்மையாகிவிடுகிறது. வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முடியாது. அடுத்து, சைக்கிள் குறுக்குச்சாலையைக் கடக்கும் இடத்தைச் சந்திப்பிலிருந்து சுமார் 5 மீட்டர், அதாவது ஒரு கார் நீளம், உள்ளே தள்ளி வைக்கிறார்கள். இதுதான் இந்த அமைப்பின் உயிர். கார் திரும்பி முடித்து, கிட்டத்தட்ட நேராக நிற்கும்போதுதான் சைக்கிள் பாதை அதன் எதிரே வரும். டிரைவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டாம். சைக்கிள் காரின் முன்கண்ணாடிக்கு நேரே தெரியும். வழி விட்டு நிற்க ஒரு காருக்கு இடமும் இருக்கிறது, பின்னால் வரும் வண்டிகளை மறிக்காது. மூன்றாவதாக, சைக்கிள் நிற்கும் கோடு கார்கள் நிற்கும் கோட்டைவிட முன்னால், திட்டின் மறைவில் இருக்கிறது. பச்சை விழும்போது சைக்கிள்காரர் ஏற்கெனவே டிரைவரின் பார்வைக்குள் இருக்கிறார், பாதித் தூரத்தையும் கடந்திருக்கிறார். வண்டிகள் அதிகம் திரும்பும் இடங்களில் சைக்கிளுக்குத் தனி சிக்னலே வைத்து, திரும்பும் வண்டிக்கும் சைக்கிளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வலதுபுறம் திரும்புவது சைக்கிளுக்கு எப்போதும் பயம் தரும் வேலை. இன்று நம் சாலைகளில் அதற்கு இடது ஓரத்திலிருந்து கையைக் காட்டிக்கொண்டே, ஓடும் வண்டிகளைக் கடந்து நடுவுக்கு வர வேண்டும். மேலே சொன்ன அமைப்பில் அது தேவையில்லை. நேராகப் போய் எதிர் மூலைத் திட்டில் நின்று, அடுத்த பச்சைக்கு மறுபக்கம் கடந்துவிடலாம். இரண்டு முறை காத்திருக்க வேண்டியிருக்கும். நம்முடைய பதினோராம் வகுப்புப் பெண் அதற்கு வருத்தப்பட மாட்டாள்.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம் ஊர்களில் எங்கும் இருக்கிறது: ஃப்ரீ லெஃப்ட். இடது முனையை அகலமாக வளைத்து, சிக்னலே இல்லாமல் வண்டிகள் வழுக்கிக்கொண்டு போகும்படி விட்டிருக்கிறார்கள். டிரைவர் வலதுபுறம் வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு இடதுபுறம் திரும்புகிறார். அங்கே சாலையைக் கடக்க நிற்பவரும், நேராகப் போக வரும் சைக்கிள்காரரும் அவர் கணக்கிலேயே இல்லை. சென்னையிலோ கோவையிலோ ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று என்னிடம் சொன்னால், பெரிய சந்திப்புகளில் ஃப்ரீ லெஃப்டை மூடி அந்த முனையைக் கூர்மையாக்குங்கள் என்றுதான் கேட்பேன்.

சின்னக் குறுக்குத்தெரு மெயின் ரோட்டில் வந்து சேரும் இடத்தில் சிக்னல் இருக்காது. அங்கே நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் அதே மட்டத்தில், அதே நிறத்தில் தொடரவிட வேண்டும். வண்டிதான் ஏறி இறங்கிப் போக வேண்டும். யார் யாருடைய இடத்தைக் கடக்கிறார்கள் என்பது போர்டு இல்லாமலே டிரைவருக்குத் தெரிந்துவிடும்.

வெயில் ஊரில் நடக்குமா?

நெதர்லாந்தைக் காட்டினால், அங்கே குளிர், இங்கே வெயில் என்று பதில் வரும். ஸ்பெயினின் தெற்கில் இருக்கும் செவில்லைப் பாருங்கள். ஐரோப்பாவின் மிகச் சூடான நகரங்களில் அது ஒன்று, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். 2006 வாக்கில் அங்கே சைக்கிள் ஓட்டுவோர் அபூர்வம், நூறு பயணத்தில் ஒன்றுகூட இல்லை. நகர நிர்வாகம் துண்டு துண்டாகப் பாதை போடாமல், ஒன்றோடொன்று இணைந்த சுமார் 80 கிலோமீட்டர் வலைப்பின்னலை ஓரிரு ஆண்டுகளில் கட்டி முடித்தது. அதற்காக சுமார் 5,000 கார் நிறுத்தும் இடங்களை எடுத்தார்கள். பச்சை நிறப் பாதை, இருதிசைப் போக்குவரத்து, சாலையிலிருந்து தடுப்பு. சில வருடங்களில் சைக்கிள் பயணங்கள் பத்து மடங்குக்கு மேல் பெருகின.

கட்டி முடித்த அந்த வேகமும் பாதைகளின் அந்த இணைப்பும்தான் செவில்லிடம் நாம் கற்க வேண்டியவை. ஐந்து கிலோமீட்டர் பயணத்தில் நாலரை கிலோமீட்டர் அருமையாக இருந்து, மீதி அரை கிலோமீட்டர் மேம்பாலத்தின் கீழ் லாரிகளோடு போக வேண்டும் என்றால் அந்தப் பயணத்தை யாரும் தொடங்கவே மாட்டார்கள். கடற்கரையோரம் அழகாக இரண்டு கிலோமீட்டர் போட்டுவிட்டு, பார்த்தீர்களா, யாரும் ஓட்டுவதில்லை என்று சொல்வது நியாயமில்லை. அந்தப் பாதை யாரையும் வீட்டிலிருந்து பள்ளிக்கோ சந்தைக்கோ கொண்டுபோகவில்லை.

வெயிலுக்கு நிழல் வேண்டும். பாதையின் மேற்கே மரம் இருந்தால் பள்ளி விடும் நேரத்து வெயிலை மறைக்கும். புங்கனும் வேம்பும் அதற்குப் போதும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல்கள்

ஐரோப்பிய வரைபடத்தில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: பைக். நம் சாலைகளில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனங்கள்தான். தனிப் பாதை போட்டால், நெரிசல் நேரத்தில் பைக்குகள் அதற்குள் புகும். டெல்லியில் 2008இல் தொடங்கிய பஸ் விரைவுத் தடத்தின் ஓரத்தில் போட்ட சைக்கிள் பாதைகளில் இதுதான் நடந்தது. கம்பி நட்டுத் தடுக்கலாம் என்று தோன்றும். பைக்கின் அகலமும் சைக்கிளின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அது பலிக்காது. நெருக்கி நட்டால் மாட்டிக்கொள்வது மூன்று சக்கர வண்டிக்காரரும் சக்கர நாற்காலியில் வருபவரும்தான். பாதையை உயர்த்தி, நடைபாதையின் பகுதிபோலத் தோன்றச் செய்வது ஓரளவு உதவும். கேமராவும் அபராதமும் கொஞ்சம் உதவும். உண்மையில் உதவுவது பாதை நிறைய சைக்கிள் ஓடுவதுதான், அதற்கு முன் சொன்ன வலைப்பின்னல் தேவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். சந்திப்பைச் சுருக்கி வேகத்தைக் குறைத்தால் அவர்களும் பிழைப்பார்கள். சைக்கிளுக்கான தெரு பைக்கில் போகிறவருக்கு எதிரானது இல்லை.

அடுத்தது சாலையின் ஓரம். சைக்கிளை ஓரமாகப் போகச் சொல்கிறோம். சாலையில் முதலில் கெடுவது ஓரம்தான். மணல் சேர்வது அங்கே, மழைத் தண்ணீர் தேங்குவது அங்கே, கேபிளுக்குத் தோண்டி மூடாமல் விடுவதும் அங்கே. மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பிமூடியைக் கவனியுங்கள். கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் சைக்கிள் சக்கரம் நேராக இடுக்கில் இறங்கி, ஓட்டுபவரைத் தலைகுப்புறத் தள்ளும். அதே மூடியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் சக்கரம் மேலே உருண்டு போய்விடும். இதற்குச் செலவே இல்லை. வடிகாலின் மேல் போடும் சிமென்ட் பலகைகள் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கமாக இருப்பதும் இதே வகை அலட்சியம். சைக்கிள் பாதையை அந்தப் பலகைகள் மேலேயே போட்டுவிடுகிறவர்கள் ஒருமுறை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஹெல்மெட் பற்றிக் கேட்பார்கள். போட்டுக்கொள்வது நல்லது, விழுந்தால் தலையைக் காக்கும். ஆனால் லாரியின் பின்சக்கரத்துக்கு எதிரே அது ஒன்றும் செய்யாது. நெதர்லாந்தில் பெரும்பாலானோர் ஹெல்மெட் இல்லாமல்தான் அன்றாடம் ஓட்டுகிறார்கள்.

எப்போது கேட்பது?

தெருவை மாற்றத் தனித் திட்டம் வரும் என்று காத்திருந்தால் ரொம்ப காலம் ஆகும். மலிவான நேரம் ஒன்று இருக்கிறது. சாலையை மறுபடி போடும்போதும், மழைநீர் வடிகால் கட்டும்போதும், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடும்போதும் எப்படியும் எல்லாவற்றையும் உடைத்துத் திரும்பக் கட்டுகிறார்கள். மூலையை எங்கே வளைப்பது, தடுப்புக்கல்லை எந்தக் கோட்டில் வைப்பது என்பது அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. டெண்டர் விடும் முன்பே வார்டு கவுன்சிலரையும் மாநகராட்சிப் பொறியாளரையும் பார்த்து, சந்திப்பின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சைக்கிள் பாதைக்கென்று இந்தியச் சாலைக் குழுமம் (Indian Roads Congress) 2015இல் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. அதன்படி இருக்கிறதா என்று பொறியாளரிடமே கேட்கலாம்.

இது சரிப்படுமா என்று சந்தேகப்பட்டால் முதலில் தற்காலிகமாகச் செய்து பார்க்கச் சொல்லலாம். பாரிஸ் 2020இல் கொரோனா காலத்தில் மஞ்சள் கோடுகளையும் தடுப்புகளையும் வைத்துப் பல தெருக்களில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கியது. பிறகு பலவற்றை நிரந்தரமாக்கியது. நம் ஊரிலும் போலீஸ் பேரிகேடும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பும் இல்லாத காவல் நிலையம் இல்லை. ஃப்ரீ லெஃப்டின் வளைவில் நான்கு தடுப்புகளை வைத்து ஒரு மாதம் பார்க்கலாம். பள்ளி விடும் நேரத்தில் அங்கே நின்று, வண்டிகள் எந்த வேகத்தில் திரும்புகின்றன, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தடுப்பு வைக்கும் முன் ஒரு நாள், வைத்த பிறகு ஒரு நாள். அதிகாரியிடம் போகும்போது அந்த இரண்டு படங்களையும் காட்டலாம்.